வெண்டை ஒட்டு விதை: தப்பிய ஒரு பூ என்ன செய்யும்?

வெண்டையில் வீரிய ஒட்டு விதை எடுக்க ஒப்பந்தம் போடப் போகிறீர்களா? மகரந்தம் தடவும் வேலை இரண்டே நாளில் கைக்கு வந்துவிடும். வேண்டாத மகரந்தத்தைத் தடுப்பதில்தான் உங்கள் வருமானமே இருக்கிறது.

ஏன் தடுக்க வேண்டும்? வெண்டைப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. சும்மா விட்டால் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தேனீ வேறு, பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். நமக்கு வேண்டியதோ, குறிப்பிட்ட தாய்ச் செடியும் தந்தைச் செடியும் சேர்ந்து தரும் விதை மட்டும்.

எந்த மொட்டைத் தொடுவது? மறுநாள் காலையில் விரியப்போகும் மொட்டு முந்தின மாலையே பருத்து, நுனியில் மஞ்சள் தெரிய நிற்கும். மூன்று மணிக்கு மேல் பெண் வரிசையில் (தாய்ச் செடிகள் நிற்கும் வரிசை) இறங்குங்கள். மொட்டின் அடியில் கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் மெதுவாகக் கீறினால் இதழும் உறையும் தொப்பிபோலக் கழன்றுவரும். உள்ளே நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் பொடிப்பொடி மகரந்தப் பைகளை வழித்தெடுங்கள். இதற்குப் பெயர் ஆண் நீக்கம் (பூவின் ஆண் உறுப்பை அகற்றுவது). நகம் ஆழமாக இறங்கினால் பிஞ்சு காயப்படும். உச்சியில் இருக்கும் கருஞ்சிவப்புச் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) ஒடிந்தால் காய் பிடிக்காது. வேலை முடிந்ததும் காகித உறை மாட்டுங்கள்.

ஆண் செடி (தந்தைச் செடி) மொட்டுக்கும் உறை வேண்டுமா? கட்டாயம் வேண்டும். அதையும் அன்று மாலையே மூடிவையுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அந்தப் பூவைப் பறித்து, பெண் பூவின் சூலகமுடியில் படும்படி தடவி, திரும்ப மூடி, காம்பில் நூல் கட்டுங்கள். இன்னாருடைய காய் என்பதற்கு அந்த நூல்தான் சாட்சி. மகரந்தம் மழையில் நனைந்தால் அன்றைய உழைப்பு வீண், அதனால் மழைக் காலத்தை ஒட்டி விதைக்காதீர்கள்.

உறை போட்ட பிறகும் விலகு தூரம் (மற்ற வெண்டை வயலிலிருந்து விட வேண்டிய இடைவெளி) எதற்கு? காற்றில் உறை கழன்றுவிடலாம். தூரத்தை விதைப்பதற்கு முன்பே விதைச் சான்று அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் என்ன போடப் போகிறார் என்பதையும் விசாரியுங்கள்.

ஒரு பூ தப்பினால் என்ன பெரிய நஷ்டம்? ஒரு காயில் ஐம்பது விதைகூட இருக்கும். அவை பெரும்பாலும் தாய்ச் செடியின் சொந்த விதை, பார்வைக்கு ஒட்டு விதைபோலவே இருக்கும். குவியலில் கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. பிறகு மாதிரி விதையை விதைத்து வளர்த்துப் பார்க்கும்போது மாறுபட்ட செடிகள் எழுந்து நிற்கும். கலப்பு அளவு மீறினால் மொத்தக் குவியலையும் தள்ளிவிடுவார்கள். நான்கு மாதப் பாடு போய்விடும்.

ஆகவே தினமும் காலையில் பெண் வரிசை முழுவதும் ஒரு நடை நடங்கள். மாலை கண்ணில் படாமல் மலர்ந்துவிட்ட பூவை அப்போதே கிள்ளிவிடுங்கள். கூலி ஆட்கள் அவசரத்தில் விடுவது பெரும்பாலும் இலைக்கு அடியில் மறைந்த பூவைத்தான். ஒட்டுக் கட்டும் நாட்கள் முடிந்ததும் புதிய மொட்டு ஒன்றுகூட நிற்கக் கூடாது.

அறுவடையில் நூல் கட்டிய காயை மட்டும், நன்றாகக் காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். நூல் அறுந்து கிடக்கும் காய் எவ்வளவு திரட்சியாக இருந்தாலும் விதைக் குவியலில் சேர்க்காதீர்கள்.