பரிசு தவறியது, கம்பெனி பிறந்தது!

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோவில் வாசலில் சந்திக்கும் நம்மவர்கள் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலையைப் பற்றித்தான். "ஏதாவது ஓர் ஆபீசில் நுழைந்தால் போதும்" என்பார்கள். சொந்தத் தொழில் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன வழி?

பல்கலைக்கழகங்களில் நடக்கும் தொழில் திட்டப் போட்டி ஒரு வழி. 1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இப்படி ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். சரக்கை வாங்குபவர் யார், முதல் எவ்வளவு, லாபம் எப்போது என்று நடுவர்கள் துருவிக் கேட்பார்கள்.

1998-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் போட்டியில் டேனியல் லெவின் என்ற மாணவரின் குழு இறுதிச்சுற்று வரை வந்தது. முதல் பரிசு கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. பேராசிரியர் டாம் லெய்ட்டனுடன் சேர்ந்து அதே திட்டத்தை 'அகமாய்' கம்பெனியாக்கினார். இன்று பெங்களூரிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

உங்கள் பிள்ளை வெறுங்கையோடு திரும்பினால் கடிந்து கொள்ளாதீர்கள். ஒரு வண்டி தவறினால் பயணமே நின்றுவிடுமா, என்ன?