மலையைக் காட்டும் கோடுகள்

சேலம் நகரிலிருந்து வடகிழக்கே நோக்குவார்க்கு நெடிதுயர்ந்து தோன்றுவது சேர்வராயன் மலை. அதன்மீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இத்துணைப் பெரிய மலையையும் ஒரு தாளில் அடக்கிக் காட்டுவது நில அமைப்புப் படமாகும்.

இப்படங்கட்கு அடிப்படை முக்கோண அளவை. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரியுமாயின், ஏனைய இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். அறிந்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இங்ஙனம் குன்றுகளையும் கோபுரங்களையும் முனைகளாகக் கொண்டு முக்கோணங்கள் நாடெங்கும் பரவின. இதற்கெனப் பயன்பட்ட கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுங்கால், அது மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராது பல வாரங்கள் உழைத்துத் தாமே அதனைச் செப்பனிட்டார்.

படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை சமவுயரக் கோடுகள். சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு கோடு வரையின், இடையே அறுபது கோடுகள் அமையும். கோடுகள் நெருங்கியிருப்பின் அவ்விடம் செங்குத்து, விலகியிருப்பின் சமநிலம். சரிவில் நெருங்கும் கோடுகள், ஏரியும் காப்பித் தோட்டங்களும் உள்ள மேற்பரப்பில் விலகி நிற்கும். சேலத்துச் சாலைக்கு 20 கொண்டையூசி வளைவுகள் ஏன் என்பதும் இதனால் விளங்கும். அக்கோடுகளை நேரே வெட்டிச் செல்லும் பாதையில் வண்டிகள் ஏறமாட்டா. ஆதலின் சாலை அவற்றை ஒட்டி வளைந்து, சிறிது சிறிதாக உயர்கின்றது.

பழைய படம் பயனற்றதன்று. அளக்கப்பட்ட ஆண்டின் சான்று அது. 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகக் காடு சுருங்கியது. வெவ்வேறு காலத்துப் படங்களை அருகருகே விரித்தால் இத்தகைய மாறுதல்கள் புலப்படும். சேர்வராயன் என்னும் பெயர் அயலார் நாவில் ‘செவராய்’ எனத் திரிந்து படத்தில் ஏறியதும் அவ்வாறே தெரியும்.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காப்புக்காட்டின் எல்லைகள் வரையறுக்கப்பட்டன. படத்தில் அஃது ஒரு மெல்லிய கோடே. மலையில் உழுதும் ஆடுமாடு மேய்த்தும் வாழ்ந்த மலையாளி மக்களுக்கோ அது வாழ்க்கையின் எல்லை. ஆதலின் கோடு வரைவோர் அங்கு வாழ்வோரைக் கேட்டு வரைதல் வேண்டும். படம் படிப்போர் ஒவ்வொரு கோட்டிற்கும் அப்பால் மக்கள் உளர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.