வாக்கும் கமிட்டியும்

தொழிற்சங்கம் என்றதும் வேலைநிறுத்தமும் ஊர்வலமும் மேதின மேடையுமே நம்மவர் பலருக்கு நினைவில் எழுகின்றன. அவை சங்கத்தின் திருவிழாக் கோலங்கள். அதன் அன்றாட உயிர் சிறிய கமிட்டியிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

மலைநாட்டை எடுத்துக்கொள்வோம். கோ. நடேசையர் 1931ஆம் ஆண்டு அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்ட காலத்தில், லயத்தில் வாழ்ந்தவனுக்குத் துரையின் முன் வாயில்லை. அவனுக்காகப் பேசியவர் கங்காணி; அவன் கடன் கணக்கை வைத்திருந்தவரும் அவரே. பின்னர் தோட்டக் கமிட்டிகள் எழுந்தன. தலைவர், காரியதரிசி, மாதர் தலைவி எனத் தொழிலாளரே பொறுப்பேற்றனர். பதியாமல் விட்ட பெயர், குறைத்துப் போட்ட கொழுந்தின் நிறை, ஒழுகும் கூரை ஆகியவற்றைச் சொல்ல ஓர் இடம் உண்டாயிற்று. தனியொருவன் சொன்னால் அது முறையீடு. கமிட்டி சொன்னால் அது கோரிக்கை. இவ்வேறுபாடே தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி.

கமிட்டியில் தலைவரைத் தெரிந்தெடுத்துப் பழகிய மக்கள், நாட்டின் ஆட்சியிலும் தமக்குப் பங்குண்டு என உணர்ந்தனர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆயினும் கமிட்டிகள் எஞ்சின. நாடற்றோர் எனப்பட்ட மக்களுக்குச் சந்தாச் சீட்டே ஓர் உறுப்புரிமைச் சான்றாக நின்றது.

இவ்வரலாற்றுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். எழுபதுகளின் பஞ்சமும் 1977 கலவரமும் மலையகக் குடும்பங்கள் பலவற்றை இம்மண்ணுக்குத் துரத்தின. எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் இயக்கம் அவர்கள் குடியமரத் துணைநின்றது. கிளிநொச்சியின் பாரதிபுரமும் மலையாளபுரமும் கிருஷ்ணபுரமும் அவர்தம் வியர்வையை அறியும். காடு வெட்டினர்; பிறர் வயலில் நாற்று நட்டனர்; அரிவி வெட்டினர். ஆனால், தோட்டத்தை விட்டு வந்தபோது கமிட்டியையும் அங்கேயே விட்டு வந்தனர். இன்று ஒருவர் வயல், நாளை வேறொருவர் வயல் என்று அலையும் நாட்கூலிக்குச் சங்கம் ஏது? கூலி கொடுப்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர் என்ற உறவே பல குறைகளை வாய்க்குள் அடக்கிவிட்டது.

1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் பிரசாவுரிமையை மீட்டுத் தந்தன. ஆகவே விந்தையானதொரு மாற்றம் நேர்ந்தது: மலையில் வாக்கின்றிக் கமிட்டி இருந்தது, வன்னியில் கமிட்டியின்றி வாக்கு இருக்கிறது. வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு நாள் பேசும். கமிட்டி ஒவ்வொரு சம்பள நாளிலும் பேசும். முன்னது இன்றேல் பின்னது ஊனம். பின்னது இன்றேல் முன்னது வெறும் சடங்கு.

2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே உழைப்போர் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுக்கும் சட்டம் துணையாக உண்டு. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி எழுவர் கையொப்பமிட்டால் சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம். தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேர் அங்கத்தவராயின், அச்சங்கத்துடன் பேச முதலாளி மறுத்தலாகாது என 1999ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. ஆயின், சட்டம் ஏட்டில் உறங்கும்; எழுப்புவதற்கு மனிதர் வேண்டும்.

இப்பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர் பலர் தாமே ஒரு சங்கத்தின் அங்கத்தவர். கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும், விண்ணப்பம் வரையவும் அறிந்தவர்கள். தம் மாணாக்கரின் தாய்மார் ஏழுபேர் கூடியிருந்து அவற்றைக் கற்க ஒரு மாலைப்பொழுதை அவர்கள் ஈவாராயின், அதனினும் சிறந்த குடிமைப் பாடம் வேறில்லை.