மறுபடியும் கொடைக்கானல்! 43 ஆண்டுக்குப் பின் ஒரு நடை

கல்யாணமான புதிதில் போன மலைக்கு, தலை நரைத்த பிறகு கணவனும் மனைவியும் மறுபடியும் போனால் எப்படி இருக்கும்?

பலர் போகத்தான் செய்கிறார்கள். காரில் ஏறுகிறார்கள். கார் நிற்கிற இடத்தில் இறங்குகிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஓட்டல் அறைக்குத் திரும்பி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு டெலிவிஷன் பார்க்கிறார்கள். "அந்தக் காலத்துக் கொடைக்கானல் இல்லை இது" என்று பெருமூச்சு விட்டபடி மலையை விட்டு இறங்குகிறார்கள்.

ஊர் மாறியது உண்மைதான். ஆனால் அன்று அவர்கள் அந்த ஊரை நடந்து பார்த்தார்கள். இன்று கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். அதுவும் மாறித்தானே போயிற்று?

நாங்களும் அப்படித்தான் திரும்பி வந்திருப்போம். என் மனைவி விடவில்லை.

கையில் காசு இல்லை!

1982-ம் ஆண்டு ஆவணியில் எங்கள் கல்யாணம். எனக்கு வயது 26. அவளுக்கு 21. கல்யாணச் செலவு போக கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். மதுரையில் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். ஐந்து நாள் தங்கினோம்.

கார் வைத்து ஊர் சுற்றக் காசு ஏது? எல்லா இடத்துக்கும் நடைதான். ஏரியை மட்டும் ஒரே நாளில் இரண்டு முறை சுற்றி வந்தோம். ஏரியைச் சுற்றி வர 5 கிலோ மீட்டர். ஆக, 10 கிலோ மீட்டர்! கால் வலித்ததாக நினைவே இல்லை.

அது குறிஞ்சி பூத்த ஆண்டு. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிற பூ அல்லவா? சரிவெல்லாம் நீலம். யாரோ நீலச் சேலையை உலர்த்தியது போல் இருந்தது. "அடுத்த தடவை பூக்கும்போதும் வருவோம்" என்று என் மனைவி சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

1994-ல் பூத்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குறுக்கே நின்றது. 2006-ல் பூத்தது. மகள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2018-ல் பூத்தது. அப்போது என் மனைவிக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. "இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே மலை ஏறுவது?" என்று அவளே வேண்டாம் என்றாள்.

இனி 2030-ல் பூக்கவேண்டும். எனக்கு 74 ஆகியிருக்கும். அவளுக்கு 69.

"பூக்கிற வருடத்துக்காகக் காத்திருந்தால் கால் காத்திருக்காது. இப்போதே ஒரு தடவை போய் நடந்து பார்ப்போம்" என்று 2025-ல் ஒரு நாள் சொன்னாள்.

மலை ஏறும் முன்பு

முதலில் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு சங்கதி சொன்னார். மலை ஏறும்போது மூச்சுக்குத்தான் வேலை அதிகம். இறங்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். ஆகவே முழங்கால் வலிக்காரர்கள் ஏற்றத்தைக் கண்டு பயந்து இறக்கத்தில் அலட்சியமாக இருக்கக்கூடாது. சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்க வேண்டும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற காலின் பக்கத்தில்தான் பலரும் பிடிக்கிறார்கள். அது தவறு. வலது முழங்கால் வலித்தால் இடது கையில் பிடிக்கவேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவேண்டும். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வைக்கவேண்டும். 69 வயதில் நான் இதைக் கற்றுக்கொண்டேன்!

வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், கீழே விழாமல் நிலையாக நிற்கப் பழகும் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும் என்கிறது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. இரண்டு மாதம் இதைச் செய்தோம். பேரன் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும்!

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும் என்ற விதி 2024 மே மாதம் வந்தது. அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். நாங்கள் பழையபடி பஸ்சிலேயே போனோம்.

"உங்கள் முதுகைத்தான் பார்த்தேன்!"

கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மதுரையில் இருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் சற்று மூச்சு வாங்கும். அதனால் அன்று ஏரிக்கரையில் பாதி தூரம் மட்டும் நடந்தோம். இந்த ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்ற வெள்ளைக்காரர் 1863-ல் அணை கட்டி உண்டாக்கியது.

எவ்வளவு வேகத்தில் நடப்பது? அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பேசவே மூச்சு இல்லை என்றால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் சற்று வேகமாக நடக்கலாம்.

மறு நாள் கோக்கர்ஸ் நடைபாதைக்குப் போனோம். 1872-ல் கோக்கர் என்ற லெப்டினெண்டு அமைத்தது. மலைச் சரிவை ஒட்டி சுமார் ஒரு கிலோ மீட்டர் நீளம். மேகம் விலகினால் கீழே சமவெளி தெரியும்.

நான் வேகமாக நடக்கிற ஆள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். என் மனைவியைக் காணோம். மூடுபனி வேறு. பதறிப்போய் ஓடி வந்தேன். ஒரு பெஞ்சில் தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"கால் வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"கால் வலிக்கவில்லை. என்னங்க, 43 வருடமாக உங்கள் முதுகைப் பார்த்தே நடந்து வருகிறேன். கடைத்தெருவிலும் அப்படித்தான், கோவிலிலும் அப்படித்தான். இங்கே வந்தும் முதுகுதானா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த நாளிலும் இப்படித்தான் நடந்தேனா என்று கேட்டேன். "அப்போது என்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்ள முடிந்தது" என்றாள்.

வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் மனைவிக்கு முதுகைக் காட்டி நடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அன்றோடு விட்டேன். அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் நின்றால் நானும் நின்றேன்.

மெதுவாக நடந்ததால் ஒரு லாபம் கிடைத்தது. காடு கண்ணில் பட்டது! பைன் மரக் காட்டுக்குள் போனபோது, "இந்தக் காட்டில் குருவிச் சத்தமே கேட்கவில்லையே" என்று அவள்தான் சொன்னாள். அது உண்மை. பைன் இந்த மலையின் மரம் அல்ல. மனிதன் கொண்டுவந்து நட்டது. ஊசி போன்ற இலைகள் தரையை மூடிவிடுகின்றன. அதன் கீழே செடி கொடி அதிகம் வளர்வது இல்லை. அந்தச் சருகு வழுக்கும். வயதானவர்கள் அங்கே கவனமாக அடி வைக்கவேண்டும்.

அதற்கு நேர் மாறானது சோலைக்காடு. அதுதான் இந்த மலையின் சொந்தக் காடு. குட்டையான மரங்கள் நெருக்கி நிற்கும். கிளையெல்லாம் பாசி. தரை எப்போதும் ஈரம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நம் "சோலை" என்ற சொல்லையே ஆங்கிலேயர் "ஷோலா" என்று எடுத்துக்கொண்டார்கள். கரடிச்சோலை ஓரத்தில் அரை மணி நேரம் நின்றோம். 1982-ல் இதே இடத்துக்கு வந்தோம். என்ன பார்த்தோம் என்று இருவருக்கும் நினைவு இல்லை. அப்போது நாங்கள் மரத்தையா பார்த்தோம்!

ஒரு எச்சரிக்கை. ஊருக்குள்ளேயே காட்டுமாடு வரும். சாதுவாக நிற்கிறதே என்று கிட்டப் போய் செல்போனில் படம் எடுக்காதீர்கள். பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது.

நான்தான் விழுந்தேன்

மூன்றாம் நாள் குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்கு நடந்தோம். ஏரியில் இருந்து சுமார் 3 கிலோ மீட்டர். இலங்கை சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-ல் கட்டிய கோவில். அவர் வெளிநாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவியவர்.

என் மனைவியின் முழங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வழியெல்லாம் "வலிக்கிறதா, வலிக்கிறதா" என்று கேட்டபடி போனேன்.

கோவிலுக்குக் கொஞ்ச தூரத்தில் எனக்குக் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் வேர்த்தது. கண் இருட்டியது. பாதை ஓரத்தில் சரிந்துவிட்டேன்.

எனக்கு 15 ஆண்டாகச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டேன். நடக்கிற அவசரத்தில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். சில சர்க்கரை மாத்திரைகளோடு பட்டினியும் நடையும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதிகச் சர்க்கரையை விட இது உடனே ஆபத்தானது.

என் மனைவி பதறவில்லை. சேலை முடிச்சில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மூன்று கரண்டி சர்க்கரை! அதைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். பிறகு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தாள். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.)

"சர்க்கரைப் பொட்டலம் எதற்கு வைத்திருந்தாய்?" என்று கேட்டேன்.

"டாக்டர் சொன்னபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றாள்.

கோவிலில் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது வாடகைக் கார் பிடித்தோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரிவில் குறிஞ்சிச் செடிகளைக் காட்டினார் ஒரு பூக்காரர். பூ இல்லை, வெறும் பச்சைப் புதர். குறிஞ்சி ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதை போட்டு, செடி காய்ந்துவிடும். 2018-ல் விழுந்த விதையில் முளைத்த செடிகள் இவை. வயது ஏழு. மலையில் வாழும் பழங்குடி மக்கள் குறிஞ்சி பூத்த கணக்கை வைத்தே வயதைச் சொல்வார்களாம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் கல்யாணத்துக்கு மூன்றரைக் குறிஞ்சி வயது. 2030 வந்தால் நான்கு.

என் மனைவி ஒரு செடியைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கினோம். வீடு வந்து சேர்ந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கினோம். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இடது கையில் தடி. காலில் செருப்பு. என் மனைவி தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வாருங்கள். சர்க்கரைப் பொட்டலம் எடுத்தாயிற்று" என்றாள்.

நான் இன்னும் காபி கூடக் குடிக்கவில்லை!