டேங்க் காலி என்றது விளக்கு, குளியலறையில் ஏறியது தண்ணீர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் வாய்த்திருக்கும். பிரிண்ட் கொடுத்தால் 'பேப்பர் இல்லை' என்று திரையில் செய்தி வரும். எழுந்து போய்ப் பார்த்தால் ட்ரேயில் பேப்பர் கத்தையாக இருக்கும். பிரிண்டருக்குக் கண் கிடையாது. பல பிரிண்டர்களில் பேப்பர் மேல் படும்படி ஒரு சின்ன பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கும். அது எந்த நிலையில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பேப்பர் உண்டா இல்லையா என்று பிரிண்டர் முடிவு செய்கிறது. நெம்புகோல் உடைந்துவிட்டால் திரை என்ன சொல்லும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது கம்ப்யூட்டரில் அல்ல, ஒரு கழிவுநீர் டேங்கில். அதுவும் என்ஜினியரிங் முடித்து ஆறு வருடம் சாப்ட்வேர் எழுதிய பிறகு!

கிராண்ட் கேன்யனில் ஒரு காலை

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில். 2023-ல் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினேன். மோட்டார்ஹோம் என்பது வீட்டையே முதுகில் சுமந்து செல்லும் வண்டி. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், டாய்லெட் எல்லாம் 24 அடி நீளத்துக்குள் அடக்கம். இதில் மூன்று டேங்குகள் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. ஷவரிலிருந்தும் சிங்கிலிருந்தும் வரும் அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று. இதை 'கிரே' டேங்க் என்பார்கள். டாய்லெட்டுக்கு ஒன்று, அது 'பிளாக்' டேங்க். எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட, அடுப்புக்கு மேலே ஒரு பேனல் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் காலி, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழுவதும் என்று நான்கு சிறு விளக்குகள் மட்டத்துக்குத் தக்கபடி எரியும்.

2024 மே மாதம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். கிராண்ட் கேன்யன் பார்க்க நாங்கள் நால்வரும் கிளம்பினோம். தெற்கு விளிம்பில் உள்ள மேதர் முகாமில் இரண்டு இரவு தங்கல். அங்கே வண்டி நிறுத்தும் இடங்களில் மின்சாரமோ, தண்ணீர்க் குழாயோ, கழிவுநீர் இணைப்போ கிடையாது. கழிவைக் கொட்டுவதற்குத் தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். வண்டியை அங்கே ஓட்டிப் போக வேண்டும். அதுவரை டேங்க்தான் கதி.

இரண்டாம் நாள் காலையில் பேனலைப் பார்த்தேன். கிரே டேங்க் காலி என்றது. நேற்று நாலு பேர் குளித்தோமே என்று ஒரு நொடி தோன்றியது. டேங்க் பெரியது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அம்மா குளிக்கப் போனார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குரல்: "தம்பி, தண்ணி இறங்கலை. கீழேயிருந்து மேலே வருதுடா!"

முந்தைய இரவு பாத்திரம் கழுவிய தண்ணீர், சாம்பார் வாடையோடு அம்மாவின் கணுக்காலை எட்டிக் கொண்டிருந்தது. வண்டியிலேயே தாழ்வான வடிகால் ஷவர் தட்டில் இருப்பதுதான். டேங்க் நிரம்பினால் முதலில் அங்கேதான் ஏறும். "இனிமே இந்த வண்டியில நான் குளிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு பயணத்துக்கு முகாமில் இடம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதற்கும் வரவில்லை என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் கிரே டேங்க் 30 கேலன், அதாவது சுமார் 113 லிட்டர். ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது. ஆளுக்கு நாலு நிமிடம் என்றாலே 96 லிட்டர் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவியது தனி. மனக்கணக்கை விட்டு விளக்கை நம்பியது என் தப்பு.

உள்ளே இருப்பது என்ன?

வீடு திரும்பியதும் பேனலில் ஏதோ சிப் கெட்டிருக்கும் என்று நினைத்து 'ரீசெட்' பட்டனைத் தேடிக் கொண்டிருந்தேன். சாப்ட்வேர்க்காரன் புத்தி அப்படி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே நாலு ஸ்க்ரூவும் நாலு வயரும்தான்டா இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. பிளாஸ்டிக் டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்கள் துளைத்துச் செல்கின்றன. தலை டேங்குக்கு உள்ளே, முனை வெளியே. எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது எர்த் ஸ்க்ரூ. வண்டி பேட்டரியின் நெகடிவோடு சேர்ந்தது. அதற்கு மேலே இருக்கும் மூன்றும் மூன்று மட்டங்களுக்கு. இந்த மூன்றின் வயர்களில் ரெசிஸ்டர்கள் கோத்திருக்கும். பட்டனை அழுத்தும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய அளவு மின்சாரம் இந்த வயர்களுக்கு வருகிறது. அழுக்குத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டதும் அதற்கும் எர்த் ஸ்க்ரூவுக்கும் இடையே ஒரு பாதை உண்டாகிறது. அடுத்ததைத் தொட்டால் இன்னொரு பாதை. பாதைகள் கூடக் கூட, பேனலுக்குத் திரும்பும் வயரில் வோல்டேஜ் குறைகிறது. பேனலில் உள்ள கம்பேரேட்டர் அந்த வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்த்து விளக்குகளை எரிய வைக்கிறது. சாப்ட்வேர் ஒரு வரிகூடக் கிடையாது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர் மாட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே தொட்டிக்குள் தொங்கும் கம்பிகளும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உப்புத் தண்ணீர் ஊர்களில் கம்பியில் உப்புப் படிந்து கன்ட்ரோலர் மக்கர் செய்வதும் இதனால்தான்.

இனி என் பேனலைப் பாருங்கள். 'காலி' விளக்கு, பட்டனை அழுத்தினாலே எரியும். பேனலுக்குக் கரண்ட் வருகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. மற்ற மூன்றும் எரியவில்லை என்றால் டேங்க் காலியாக இருக்கலாம், வயர் அறுந்தும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல பேனலால் முடியாது. இதை மோசமான வடிவமைப்பு என்றே சொல்வேன். திருட்டு அலாரம் செய்பவர்கள் வயரை வெட்டினாலே மணி அடிக்கும்படி அமைப்பார்கள். இங்கே வயர் போனால் 'எல்லாம் நலம்' என்று பேனல் சொல்கிறது.

பாதியில் நிறுத்திச் சோதிப்பது

கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பீர்கள். அங்கே ஓடினால் கீபோர்டு நல்லது, கோளாறு உங்கள் பக்கம். இங்கேயும் அதே வழிதான். பேனல், வயர், ஸ்க்ரூ, தண்ணீர் என்று நான்கு கட்டங்கள். நடுவில் புகுந்து பொய்த் தண்ணீரைக் காட்ட வேண்டும்.

இரு முனையிலும் கிளிப் உள்ள வயர் ஒன்றை எடுத்து, டேங்கின் வெளிப்புறத்தில் மேல் ஸ்க்ரூவையும் எர்த் ஸ்க்ரூவையும் இணைத்தேன். அப்பா உள்ளே பட்டனை அழுத்தினார். 'காலி'தான். பிறகு கிளிப்பை எர்த் ஸ்க்ரூவிலிருந்து எடுத்து, வண்டியின் இரும்புச் சட்டத்தில் துருவைச் சுரண்டி மாட்டினேன். உடனே "எரியுது!" என்று குரல் வந்தது. ஆக, பேனலும் நல்லது, மேல் வயரும் நல்லது. எர்த் ஸ்க்ரூவிலிருந்து சட்டத்துக்கு வரும் வயரில்தான் கோளாறு. அதை லேசாக இழுத்ததும் வளைய முனை கையோடு வந்துவிட்டது. செம்பு பச்சையாகப் பூத்துப் பொடிந்திருந்தது. சாலைத் தண்ணீர் அடித்து அடித்து வந்த வினை.

ஒரு எச்சரிக்கை. இப்படி இணைப்பது சென்சார் ஸ்க்ரூக்களில் மட்டும்தான். பேட்டரியிலிருந்து நேராக வரும் வயரைச் சட்டத்தில் தொட்டால் தீப்பொறி பறக்கும். வயரை வெட்டி ஒட்டுவதற்கு முன் பேனலின் ஃபியூஸைக் கழற்றி விடுங்கள். கைக்கு ரப்பர் உறை கட்டாயம்.

பழுதான முனையை நறுக்கி, பளபளக்கும் செம்பு தெரியும் வரை சீவி, புது வளைய முனையை கிரிம்ப் செய்து, மேலே சிலிக்கான் பூசினேன். அரை மணி நேர வேலை. அதோடு நான் திருப்திப்படவில்லை. கழிவு கொட்டும் இடத்துக்குப் போய் டேங்கைக் காலி செய்து, வால்வை மூடி, 5 கேலன் வாளியால் அளந்து தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது வாளியில் முதல் விளக்கு, நான்காவதில் இரண்டாவது விளக்கு, ஆறாவது வாளி முழுவதும் போவதற்குள் கடைசி விளக்கு எரிந்தது. இப்போது எந்த விளக்குக்கு எத்தனை லிட்டர் என்பது எனக்குத் தெரியும்.

பிளாக் டேங்கின் எதிர்ப் பொய்

பிளாக் டேங்கில் கதை தலைகீழ். காலி செய்த பிறகும் மூன்றில் இரண்டு என்றே காட்டிக் கொண்டிருந்தது. அந்த மட்டத்து ஸ்க்ரூவிலிருந்து வயரைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது. அப்படியானால் வயர் சொன்னது உண்மை. உள்ளே ஸ்க்ரூ மேல் ஏதோ ஈரமாக ஒட்டிக் கொண்டு, டேங்க் சுவரின் அழுக்குப் படலம் வழியே எர்த் வரை பாதை போட்டிருக்கிறது. பெரும்பாலும் டாய்லெட் பேப்பர்தான் குற்றவாளி.

இதற்கு ஸ்க்ரூவைக் கழற்றத் தேவையில்லை. பாதி டேங்க் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, வளைவான சாலையில் ஓட்டி, பிறகு கொட்டினேன். மூன்றாவது முறை விளக்கு அணைந்தது. பிளீச்சையும் அம்மோனியா உள்ள கிளீனரையும் சேர்த்து ஊற்றி விடாதீர்கள். நச்சு வாயு வரும். டேங்கிலேயே மீத்தேன் வாயு உண்டாகும் என்பதால் பக்கத்தில் நெருப்பும் கூடாது. தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று ஃப்ளஷ்ஷில் கஞ்சத்தனம் செய்தால் பேப்பர் மறுபடி ஒட்டும். கொட்டும்போது முதலில் பிளாக், அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டேங்கின் வெளிப்புறத்தில் ஒட்டும் பட்டை சென்சார்கள் கிடைக்கின்றன. லேப்டாப்பின் டச்பேட் உங்கள் விரலை உணர்வது போல, இவை பிளாஸ்டிக் சுவருக்கு அப்பால் தண்ணீர் இருப்பதை மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கின்றன. மட்டத்தைச் சதவீதத்தில் காட்டும். ஆனால் விலை அதிகம். டேங்கின் பக்கச் சுவரில் ஒட்ட இடமும் வேண்டும். நான் மாற்றவில்லை.

ஜூன் பயணத்துக்கு அம்மா வந்தார். குளிக்கப் போகும் முன் அவரே பேனல் பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒரு விளக்கு எரிந்தது. "இன்னும் எத்தனை வாளிடா போகும்?" என்றார். "நாலு வாளி, அம்மா" என்றேன். துண்டை எடுத்துக் கொண்டு உள்ளே போனார்.