டைரக்டர் கிடையாது... ஒத்திகை கிடையாது... விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடப்பது எப்படி?

நெய்க்காரப்பட்டி:

ஊர்த் திருவிழாவில் ராத்திரி 10 மணிக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முருகன் வேஷக்காரர் மதுரையில் இருந்து பஸ் ஏறி வருவார். வள்ளி புதுக்கோட்டையில் இருந்து வருவார். ஆர்மோனியக்காரர் திண்டுக்கல், பபூன் மணப்பாறை. இவர்கள் ஒரு நாள் கூட ஒன்றாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். முருகனும் வள்ளியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முகம் பார்ப்பதும் உண்டு.

ஆனாலும் கோழி கூவும் நேரத்தில் கல்யாணம் தவறாமல் நடந்து விடும். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இது ஒரு குழுவின் நாடகம் மாதிரிதான் தெரியும். உண்மையில் அது ஒரே ஒரு ராத்திரிக்காகச் சேர்ந்த குழு. விடிந்ததும் கலைந்து விடும்.

2 கலைக்கும் எல்லை

பழனிக்கு மேற்கே இருக்கும் நெய்க்காரப்பட்டி, கரும்புக் காடும் வெல்ல வியாபாரமும் உள்ள ஊர். கிழக்கே திண்டுக்கல், மதுரை பக்கம் போனால் மேடை நாடகம். மேற்கே உடுமலை, கோவை பக்கம் போனால் வள்ளி கும்மி. இரண்டிலும் ஒரே கதைதான். தினைப்புனம் காக்கும் குறத்தியை முருகன் மயக்கிக் கல்யாணம் முடிக்கும் கதை. முருகன் மலையடிவாரத்தில் இந்தக் கதைக்கு மவுசு இருப்பதில் ஆச்சரியம் என்ன?

கும்மிக்கு இப்போது நல்ல காலம். மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி வாத்தியார் பத்ரப்பனுக்கு 2024-ம் ஆண்டு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. நாடகத்தின் நிலைமை அப்படி இல்லை. அதை அப்புறம் பார்ப்போம்.

'ஸ்பெஷல்' என்றால் என்ன?

நாடக நோட்டீசில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விசேஷமான நாடகம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக, அந்த ஒரு நாளுக்கு மட்டும் பேசி வரவழைப்பதுதான் 'ஸ்பெஷல்'.

அந்தக் காலத்தில் கம்பெனி நாடகம் இருந்தது. முதலாளி ஒருவர் இருப்பார். நடிகர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க வைத்து, வாத்தியார் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராகக் கொட்டகை போடுவார். 2014-ல் வந்த 'காவியத்தலைவன்' படத்தில் காட்டினார்களே, அதுதான். 1931-ல் 'காளிதாஸ்' மூலம் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. நல்ல குரல் உள்ளவர்கள் எல்லாம் சினிமாவுக்குப் போனார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஸ்பெஷல் நாடகம் மட்டும் தாக்குப்பிடித்தது. காரணம் ரொம்ப எளிது. மூடுவதற்குக் கம்பெனியே இல்லையே! மாதச் சம்பளம் கிடையாது, கொட்டகை வாடகை கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டால் அன்றைக்குக் கூலி.

எல்லாருக்கும் ஒரே பாடம்

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிகிறது? அதற்குக் காரணமானவர் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' என்று 40-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பாடம் படித்த டி.கே.சண்முகம் எழுதி வைத்திருக்கிறார்.

சுவாமிகள் முதலில் நடிகராக இருந்தவர். எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டினால் பார்க்கிறவர்கள் பயந்து நடுங்குவார்களாம். பிறகு வேஷம் கட்டுவதை விட்டு வாத்தியார் ஆனார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபா ஆரம்பித்தார். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

அவர் எழுதிய பாட்டும் வசனமும்தான் இன்றைக்கும் மதுரையானாலும் புதுக்கோட்டையானாலும் பொதுப்பாடம். மேஸ்திரி ஒருவர் எந்த ஊருக்குப் போனாலும் கொத்தனார், சித்தாளை வைத்துச் சுவர் எழுப்புகிறார் இல்லையா? அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். அந்த மாதிரிதான் இதுவும். அடுத்தவர் எந்த வார்த்தையில் முடிப்பார், நாம் எந்தப் பாட்டை எடுக்க வேண்டும் என்பது மனப்பாடம். இந்தக் கலைஞர்கள் சுவாமிகளுக்கு வருடா வருடம் குருபூஜை நடத்துவதும் அதற்காகத்தான்.

முதல் ஆள், மேடைக்கு வராத ஆள்

இனி குழு எப்படிச் சேருகிறது என்று பார்ப்போம். ஊரில் தலைக்கட்டு வரி போட்டுப் பணம் சேர்ந்ததும் விழாக்கமிட்டியார் தேடிப் போவது நாடக அமைப்பாளரை. ஏஜெண்ட் என்றும் சொல்வார்கள். யாருக்கு எந்தத் தேதி காலி, யார் குரல் இப்போது நன்றாக இருக்கிறது, எந்த வள்ளிக்கு எந்த நாரதர் சரியாக வருவார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை... எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். டைரக்டர் இல்லாத நாடகத்துக்கு ஓரளவுக்கு டைரக்டர் இவர்தான் என்று தோன்றுகிறது.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், பக்கவாத்தியம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரேட். பெயர் வாங்கிய ஆள் என்றால் ரேட் கூடும். அட்வான்ஸ் கொடுத்ததும் போட்டோவோடு நோட்டீஸ் அச்சாகும். சுவரில் ஒட்டிய பிறகு அதில் உள்ள ஆள் வரவில்லை என்றால் ஊர் சும்மா விடாது. வரி கொடுத்த ஒவ்வொருவரும் கேள்வி கேட்பார்கள். அமைப்பாளர் பாடு திண்டாட்டம்தான். இந்த மாதிரி தகராறுகளை விசாரிப்பதற்கும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. மதுரை சங்கம் நூறு வருடம் பழமையானது.

கடிவாளம் ஆர்மோனியக்காரர் கையில்

மேடையில் ஏறிய பிறகு கடிவாளம் ஆர்மோனியக்காரர் கைக்குப் போய் விடும். இவரை வெறும் வாத்தியக்காரர் என்று நினைத்து விடாதீர்கள். நாடகம் தொடங்கும்போது சாமிப் பாட்டைப் பாடுவது இவர். நடிகர் ஒரு அடி பாடி மூச்சு வாங்கும்போது பின்பாட்டு பாடித் தூக்கிக் கொடுப்பதும் இவர். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஒரு கட்டை. வந்தவர் சுதி என்ன என்று முதல் இழுவையிலேயே பிடித்து விடுவார். பாட்டு மறந்து விட்டால் அடி எடுத்துக் கொடுப்பார். பேச்சு நீண்டு கொண்டே போனால் பெட்டியை ஒரு அமுக்கு அமுக்குவார். போதும், பாட்டுக்கு வா என்று அர்த்தம்.

பக்கத்தில் மிருதங்கம், டோலக், தாளம். அப்புறம் 'ஆல்ரவுண்ட்' என்று ஒருவர் இருப்பார். டிரம், சிஞ்சா எல்லாம் வைத்துக் கொண்டு, பபூன் விழுந்தால் 'டமால்', வள்ளி திரும்பிப் பார்த்தால் 'கிணிங்' என்று சத்தம் கொடுப்பவர். சிரிப்பு வருவதில் பாதி இவர் கைங்கரியம். கைதட்டல் என்னவோ பபூனுக்குத்தான்.

பபூன் படும் பாடு

10 மணிக்கு முதலில் வருவது பபூன். பிறகு டான்ஸ் பெண். இரண்டு பேரும் சேர்ந்து சுமார் 2 மணி நேரம் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். உண்மையான கதை தொடங்கும்போது நடுராத்திரி ஆகி விடும்.

பபூன் வேலைதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பது என் கருத்து. வள்ளிக்கும் முருகனுக்கும் எழுதி வைத்த பாட்டு இருக்கிறது. பபூனுக்கு எதிரே இருக்கும் கூட்டம்தான் பாடப்புத்தகம். கொஞ்சம் சப்பென்று போனால் ஆள் எழுந்து போய் விடும். பச்சையாகப் போனால் பெண்கள் எழுந்து போவார்கள். ராஜபார்ட் வரும் பஸ் லேட் என்றால் அவர் வந்து சேரும் வரை பபூன்தான் இழுக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியவே தெரியாது.

டான்ஸ், ஸ்திரீபார்ட் பெண்களின் பாடு இன்னும் சங்கடம். ராத்திரி முழுக்க மேடையில் நின்று விட்டு, காலையில் முகம் கழுவிச் சாதாரணச் சேலையில் பஸ்சில் உட்கார்ந்து வரும்போது 'கூத்தாடி' என்று யாராவது சொல்லி விடுவார்களோ என்று முகம் திருப்பி வருகிறவர்கள் உண்டு. சம்பாத்தியம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீசுக்கும் வீட்டு வாடகைக்கும்தான் போகிறது.

தர்க்கம்தான் உயிர்

நடுராத்திரிக்கு மேல் நாரதரும் வள்ளியும் மோதுவார்கள். இல்லறம் பெரிதா, துறவறம் பெரிதா? ஆண் உசத்தியா, பெண் உசத்தியா? குறளில் இருந்து ஒன்றை இவர் எடுத்து விட்டால், சித்தர் பாட்டில் இருந்து ஒன்றை அவர் எடுத்து விடுவார். பொதுப்பாடத்தைத் தாண்டி, அவரவர் சரக்கு வெளியே வருவது இங்கேதான். பிறகு முருகன் வேடனாக வந்து மானைத் தேடுவார், விருத்தனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பார். யானை வரும். வள்ளி பயந்து கட்டிக் கொள்வாள்.

இந்த மோதல் சில சமயம் நிஜ மோதலாகி விடுவதும் உண்டு. எதிராளியை மடக்கியே தீருவது என்று நின்றால் கதை நகராது. பெரியவர்கள் நடிக்கும்போது நடந்த இந்த இழுபறி பிடிக்காமல்தான் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடகம் போடப் போனார் என்றும் சொல்வார்கள்.

மோதல் கல்யாணத்தில் முடிந்ததும் உண்டு. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் இலங்கையில் நாடகம் நடித்தபோது சந்தித்தவர்கள். அவர் குரலுக்கு உன்னால் ஈடு கொடுக்க முடியாது என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். சரிக்குச் சரி பாடினார். 1927-ல் கல்யாணம் செய்து கொண்டார்கள். 1933-ல் கிட்டப்பா 27 வயதில் இறந்து போனார். 'திருவிளையாடல்' படத்தில் அவ்வையாராக நாம் பார்த்த அந்த அம்மாள், அதற்குப் பிறகு வெள்ளைச் சேலைதான் கட்டினார். பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி புறப்படும் அதே கொடுமுடிக்காரர் என்பதால் பழனி பக்கத்து ஆட்களுக்கு அவர் நம்மூர்க்காரர் மாதிரி.

திரைக்குப் பின்னால்

சீன் செட்டிங் வைத்திருப்பவர் தனி. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று எழுதிய படுதாக்களைச் சுருட்டி வேனில் ஏற்றி வந்து மாலையிலேயே கட்டி விடுவார். மைக்செட்காரர் தனி.

மேக்கப்மேன் கிடையாது. அவரவர் முகத்துக்கு அவரவரே பூசிக் கொள்ள வேண்டும். துணிமணி, நகை, கிரீடம் எல்லாம் சொந்தச் செலவு. பெட்டியில் போட்டு எடுத்து வருவார்கள். வாங்குகிற சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போய் விடும் என்பதை நோட்டீசைப் பார்த்து யாரும் தெரிந்து கொள்ள முடியாது.

12 மணிக்கு மைக் நின்றால்?

இப்போது பிரச்சினைக்கு வருவோம். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா நாட்களில் மாநில அரசு விதிவிலக்கு கொடுக்கலாம். அதுவும் நடுராத்திரி 12 மணி வரைதான், வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது.

படிக்கிற பிள்ளைகள், நோயாளிகள் இருக்கிற ஊரில் இந்த விதி தேவைதான். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தின் நேரத்தைப் பாருங்கள். 10 மணிக்கு பபூன், 12 மணிக்குத்தான் கதை. 12 மணிக்கு மைக்கை நிறுத்தினால் வள்ளி மேடைக்கே வர மாட்டாள். மாலையிலேயே ஆரம்பித்து, காமெடியைக் குறைத்து, தர்க்கத்தைச் சுருக்கினால் 12 மணிக்குள் முடிக்கலாம். அப்போது சம்பளத்தையும் சுருக்குவார்களா என்பது கலைஞர்களின் பயம்.

ஆடல் பாடல், பாட்டுக்கச்சேரி போட்டி வேறு. சினிமா பாட்டுக்குக் கூடும் இளவட்டம் தர்க்கத்துக்குக் கூடுவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் போச்சு. அந்த மாதங்களில் கிடைப்பதை வைத்துத்தான் மார்கழி வரை ஓட்ட வேண்டும். 2021-ம் ஆண்டும் மே மாதம் மறுபடி ஊரடங்கு. கூலி வேலைக்குப் போன ராஜபார்ட்டுகள் உண்டு. மாதச் சம்பளம் கொடுக்க முதலாளி இல்லாததால் பிழைத்த நாடகம், அதே காரணத்தால்தான் அந்த இரண்டு வருடமும் பட்டினி கிடந்தது.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ம் ஆண்டு முதல் தனி நலவாரியம் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அதில் உறுப்பினராகப் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்துக் கொண்டே வர வேண்டும். ராத்திரி வேலை, பகலில் பஸ் பயணம் என்று இருப்பவர்கள் இதைத்தான் தள்ளிப் போடுகிறார்கள்.

விழாக்கமிட்டியாருக்கு ஒரு விஷயம். பேர் வாங்கிய வள்ளிக்கும் பபூனுக்கும் பங்குனி, சித்திரை தேதிகள் சீக்கிரம் நிரம்பி விடும். தேதி குறித்ததும் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் மைக் அனுமதி எத்தனை மணி வரை என்று கேட்டுக் கொள்ளுங்கள். அதைச் சொல்லி விட்டு அமைப்பாளரிடம் அட்வான்ஸ் கொடுத்தால், எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது என்பதை அவர் பார்த்துக் கொள்வார்.