பாட்டியின் குரலை யாரிடம் கொடுப்பது?

சென்ற டிசம்பர் விடுமுறையில், உட்லண்ட்சில் இருக்கும் என் பாட்டியின் திறன்பேசியில் குரல்வழித் தட்டச்சு வசதியை அமைத்துக் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடித் தட்டுவது சிரமம். பேசினால் போதும், எழுத்தாகிவிடும் என்றேன். பாட்டி திறன்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, ஜோகூரில் இருக்கும் தம் தங்கையிடம், “பசியாறிட்டியா?” என்று கேட்டார். திரையில் வந்தது, “பசி ஆறு டீயா”.

மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் ஆறும் டீயும்தான் வந்தன. “இதுக்கு நம்ம பேச்சு புரியலம்மா” என்று திறன்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுதல் என்றும், டாலரை வெள்ளி என்றும் சொல்வது நம் வழக்கம். இப்படிப் பேசுவோரின் குரலைப் போதிய அளவு கேட்டுப் பழகாத மென்பொருள் தடுமாறத்தான் செய்யும். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் எனக்கு அது தெரிந்ததுதான். ஆனால், பாட்டியின் முகத்தைப் பார்த்தபோது, தெரிந்து வைத்திருப்பதால் என்ன பயன் என்று தோன்றியது.

அப்போதுதான் ‘காமன் வாய்ஸ்’ நினைவுக்கு வந்தது. மொசில்லா 2017ல் தொடங்கிய திட்டம் அது. திரையில் ஒரு வாக்கியம் தோன்றும்; அதை உரக்க வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். வேறு தொண்டூழியர்கள் அதைக் கேட்டு, சரியாக வாசிக்கப்பட்டுள்ளதா என்று சொல்வார்கள். இப்படிச் சேரும் குரல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்து, தங்கள் மென்பொருளுக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுத் தரலாம். தமிழும் அதில் உண்டு. வாக்கியங்களையும் நாமே எழுதித் தரலாம். நாளிதழ்ச் செய்திகளை வெட்டி ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடாது, அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆகவே, பாட்டி அன்றாடம் பேசுவதையே வாக்கியங்களாக்கினேன். “மீன் எட்டு வெள்ளிக்கு ஏறிவிட்டது.” “பசியாறிவிட்டு மருந்து சாப்பிடு.” இப்படி நாற்பது எழுதினேன்.

இதைத்தான் மின்னிலக்கப் பொதுவளம் என்கிறார்கள். பலர் சேர்ந்து உருவாக்குவார்கள், எல்லாரும் பயன்படுத்தலாம், ஒருவர் எடுப்பதால் மற்றவருக்குக் குறையாது. தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. 1998 முதல் தொண்டூழியர்கள் சங்க இலக்கியம் முதலான நூல்களைத் தட்டச்சு செய்து ‘மதுரைத் திட்டம்’ என்ற பெயரில் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். நம் நாட்டின் 50ஆம் ஆண்டான 2015ல், சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்கள் சுமார் 350 மின்னிலக்கம் ஆக்கப்பட்டு, தேசிய நூலக வாரியத்தின் வழி எல்லாருக்கும் கிடைத்தன. அதிலும் சமூகத்தினரின் உழைப்பு நிறைய.

பள்ளி நாள்களில் மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலைப் பதிவிறக்கம் செய்தபோது அது என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதே வாரம் நான் பயன்படுத்திய இலவசப் பயிற்சிச் செயலி ஒன்று, என் இருப்பிடத்தையும் தொடர்புப் பட்டியலையும் ஒலிவாங்கியையும் கேட்டது. பெருக்கல் கணக்கு போட என் ஒலிவாங்கி எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டுமே இலவசம்தான்!

சரி, பாட்டியின் குரலைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோது, என் தோழி ஒரு கேள்வி கேட்டாள். “யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால், நாம் விரும்பாதவர்களும் எடுக்கலாம்தானே?”

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், அப்படி நடந்திருக்கிறது.

பொதுப் படங்களும் முகங்களும்

ஃபிளிக்கர் தளத்தில் பலர் தங்கள் படங்களை ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின்கீழ் பகிர்ந்திருந்தார்கள். பிறர் கட்டுரைக்கோ பாடத்துக்கோ பயன்படட்டும் என்ற நல்லெண்ணம்தான். அத்தகைய படங்களும் காணொளிகளும் ஏறத்தாழ 100 மில்லியன், 2014ல் ஆய்வாளர்களுக்காக ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. அதிலிருந்து சுமார் ஒரு மில்லியன் முகப்படங்களை எடுத்து, முகமறியும் தொழில்நுட்பத்தை மேம்படுத்தும் தரவுத் தொகுப்பை ஐபிஎம் நிறுவனம் 2019 தொடக்கத்தில் வெளியிட்டது. எல்லா நிறங்களையும் சேர்ந்த முகங்களையும் கணினி சரியாக அடையாளம் காணவேண்டும் என்பது நோக்கம். குறை சொல்ல முடியாத நோக்கம் போலத்தான் தெரிகிறது. ஆனால், படம் எடுத்தவர்களுக்கும் படத்தில் இருந்தவர்களுக்கும் அது தெரியாது. அமெரிக்க ஊடகம் ஒன்று அந்த ஆண்டு மார்ச்சில் இதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் பலருக்குத் தங்கள் படம் அங்கு இருப்பது தெரிந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. உரிமம் பதிப்புரிமையைப் பற்றியது. படத்தை எடுத்தவருக்கு அது பொருந்தும். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டிக்கொண்டிருந்த சிறுமிக்கு அதில் இடமே இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பும் அப்போது ஏறக்குறைய இதையே சொன்னது: தனிமனித அந்தரங்கத்தைக் காக்கப் பதிப்புரிமை ஏற்ற கருவி அல்ல. குரலுக்கும் அப்படித்தான். வாக்கியம் என்னுடையது, குரல் பாட்டியுடையது.

புத்தகப்பையில் தொங்கிய கருவி

இந்தப் பக்கத்தை வாசிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். புத்தகப்பையில் டிரேஸ்டுகெதர் கருவியை மாட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா?

அந்தச் செயலி 2020 மார்ச் 20ஆம் தேதி வெளிவந்தது. அருகருகே இருந்த திறன்பேசிகள் புளூடூத் மூலம் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். இருப்பிடம் பதிவாகாது. குறிப்புகள் அவரவர் திறன்பேசியிலேயே 25 நாள்கள் இருக்கும். தொற்று உறுதியானால் மட்டுமே அவற்றை அதிகாரிகளிடம் பகிர வேண்டியிருக்கும். ஏப்ரலில் அதன் அடிப்படை நிரலை, ‘ஓப்பன்டிரேஸ்’ என்ற பெயரில் எல்லாரும் வாசிக்கவும் பயன்படுத்தவும் அரசாங்கம் திறந்துவிட்டது. கையடக்கக் கருவி வருவதற்குமுன், திறந்த மூல நிரல் துறையில் அறியப்பட்ட சில வல்லுநர்களை அழைத்து, அதைப் பிரித்துப் பார்க்கவும் விட்டார்கள். அதில் ஜிபிஎஸ் இல்லை, இணைய வசதியும் இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஒரு கண்காணிப்புக் கருவியின் உள்ளுறுப்புகளை மக்கள் பார்க்க முடிந்தது சாதாரண விஷயம் அல்ல. இன்றும் எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு தகவல் வெளிவந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ், விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும். தொடர்புகளின் தடமறிய மட்டுமே தரவு பயன்படும் என்று முன்னர் கூறப்பட்டிருந்ததால் மக்களிடையே அதிருப்தி எழுந்தது. அந்தச் சட்டம் தமக்கு நினைவுக்கு வரவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். மறுமாதமே சட்டம் திருத்தப்பட்டு, கொலை, பயங்கரவாதம் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. 2023ல் திட்டம் முடிவுக்கு வந்தபோது, ஒரு கொலை வழக்கு தொடர்பான தரவு தவிர மற்றவை நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தோம்.

நிரலை வரி வரியாக வாசித்தவர்களாலும் அந்தச் சட்டப்பிரிவைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனெனில் அது நிரலில் இல்லை. கணினி மாணவியாக எனக்கு இது கொஞ்சம் அடிபட்டதுபோல் இருந்தது. நிரல் திறந்திருந்தால் போதும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. சிக்னல் செயலியின் நிரலும் திறந்ததே. அதே குறியாக்க முறைதான் வாட்ஸ்அப்பிலும் இயங்குகிறது. 2016ல் அமெரிக்க நீதித்துறை விசாரணை ஒன்றில், பயனாளர் பற்றிய விவரங்களைத் தரும்படி சிக்னலுக்கு ஆணை வந்தது. அவர்கள் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். அவர்களிடம் வேறு எதுவும் சேமிக்கப்படவே இல்லை.

எனக்கு இது பாட்டி விஷயத்தில் உதவியது. காமன் வாய்சில் கணக்கு தொடங்காமலேயே வாசிக்கலாம். வயது, பாலினம் சொல்வதும் கட்டாயமல்ல. தரவைப் பதிவிறக்கம் செய்பவர்கள், பேசியவர் யார் என்று கண்டறிய முயலமாட்டோம் என ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனையை மோசடிக்காரர் மதிப்பாரா என்று கேட்காதீர்கள். என் அம்மா அதைத்தான் கேட்டார். வெளியே போன பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்பதும் உண்மை. அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

எல்லாவற்றையும் பாட்டியிடமே சொன்னேன். யார் கேட்பார்கள், எதற்குப் பயன்படலாம், எதற்குத் தவறாகப் பயன்படலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய கம்பத்தில் வளர்ந்தவர் அவர்.

“கம்பத்துல ஒரே குழாயடிதான். யாரு வந்தா, யாரோட வந்தா, எல்லாம் அங்கேயே பேசுவாங்க. அதுக்காகத் தண்ணி புடிக்காம இருக்க முடியுமா?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா, குளிக்கிறதுக்கு மறைப்பு கட்டிக்கிட்டோம்” என்றார்.

மறைப்பை அவரே கட்டினார். என் நாற்பது வாக்கியங்களில் வீட்டு முகவரியை ஒட்டியவை, பிள்ளைகளின் பெயர் வந்தவை என ஒன்பதை எடுத்துவிடச் சொன்னார். தாத்தாவைப் பற்றி அவர் சொன்ன கதைகளை நான் தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்தேன். அவை எங்கும் போகக்கூடாது, வீட்டில் இருக்கட்டும் என்றார். அவற்றை இணையத்தில் இணைக்காத வட்டு ஒன்றில் வைத்திருக்கிறேன். அம்மாவின் பயத்துக்காக, குடும்பத்துக்குள் ஒரு சொல்லை முடிவு செய்தோம். பாட்டியின் குரலில் யாராவது அழைத்துப் பணம் கேட்டால் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும். அது என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன்.

மிச்ச வாக்கியங்களை அனுப்பினேன். அவை தளத்தில் ஏற்கப்பட்டு வாசிப்புக்கு வரக் காலம் பிடிக்கும். வரும்போது யாருக்குக் கிடைக்கும் என்றும் தெரியாது. அதனால், திரையில் வந்த யாரோ எழுதிய வாக்கியங்களைத்தான் பாட்டி வாசித்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரே மாலையில் இருபத்திரண்டு. நடுவில் ஒன்றை நிறுத்தி, “இப்படி யாரும் பேசமாட்டாங்க” என்று குறை சொன்னார்.

இப்போது அவருக்குப் பிடித்தது வாசிப்பதல்ல, கேட்பது. சனிக்கிழமைகளில் பசியாறிய பிறகு, மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுச் சரி, தவறு சொல்கிறார். நான் பொத்தானை அழுத்துகிறேன். உச்சரிப்பு பிழை என்று அவர் சொல்வதில் பாதி, வேறு ஊர்க்காரர்களின் பேச்சு வழக்குதான். அதைத் தள்ளக்கூடாது என்று விளக்கிக்கொண்டே இருக்கிறேன். சென்ற வாரம் ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. மழை பற்றிய வாக்கியம். பாட்டி இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டார்.

“யாரு இந்தப் பொண்ணு? எந்த ஊரு?”

“தெரியாது பாட்டி. தெரியவும் வராது.”

“சரி, நல்லா வாசிக்கிறா. போட்டுடு” என்றார்.